புழல் ஏரியில் தேசிய ரோயிங் ரெகாட்டா நடத்த முடியுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. கல்லூரி நாட்களில் ரோயிங், அதாவது துடுப்புப் படகுப் பந்தயம், செய்தவர். "சென்னையில் ரோயிங் என்றாலே அடையாறு, போரூர் என்று அந்தப் பக்கமே நடக்கிறது. வடசென்னையில் ஒரு தேசிய சாம்பியன்ஷிப் நடத்தவே முடியாதா? முடியும் என்றால் எங்கே, என்னவெல்லாம் வேண்டும்?" என்று கேட்கிறார். நான் ராயபுரத்துக்காரன். பல வருடமாக ரெகாட்டா எனப்படும் படகுப் போட்டிகளில் லேன், அதாவது ஒவ்வொரு படகும் ஓடும் தடம், கட்டுவது, ஸ்டார்ட்டில் நிற்பது, படகு ஏற்றி இறக்குவது என்று தண்ணீர் வேலை பார்த்து வருகிறேன். அதனால் பதிலையும் தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முடியும் தம்பி. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரெகாட்டா நடத்துவது என்றால் ஆறு லேனுக்கும் ஒரே மாதிரியான தண்ணீரைக் கொடுப்பது, அவ்வளவுதான். மெடல், பந்தல், ஓட்டல் ரூம் எல்லாம் கடைசி வாரத்தில்கூடக் காசை வைத்துச் சரி பண்ணிவிடலாம். ஒண்ணாம் லேனில் காற்று அடிக்காமல் ஆறாம் லேனில் அலை அடித்தால் அதை எந்தக் காசும் சரி பண்ணாது, வருடம் முழுக்க விடிகாலையில் எழுந்து துடுப்புப் போட்ட ஒரு பிள்ளை சீட்டுக் குலுக்கலில் தோற்றதாக ஆகிவிடும்.

தேசியப் போட்டிக்கு 2000 மீட்டர் நேர்கோடு வேண்டும். ஒரு லேன் 13.5 மீட்டர் அகலம், ஆறு லேன் என்றால் 81 மீட்டர். படகுகள் ஸ்டார்ட்டுக்குத் திரும்பிப் போக பக்கத்தில் தனி வழி, ஃபினிஷைத் தாண்டியதும் படகு ஓடி நிற்க நூறு மீட்டருக்கு மேல், ஸ்டார்ட்டுக்குப் பின்னால் படகைத் திருப்ப இடம், எல்லாம் சேர்த்தால் இரண்டேகால் கிலோமீட்டர் நீளத்துக்கு வளைவே இல்லாத தண்ணீர். ஆழமும் குறைந்தது 3 மீட்டர் இருக்க வேண்டும். படகு தரை தட்டாமல் போனால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. ஆழம் குறைந்த தண்ணீரில் படகு எழுப்பும் அலை அதையே பின்னால் இழுக்கும், துடுப்புப் போடுகிறவனுக்கு யாரோ அடியில் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். நம் ஏரிகளில் கரைப் பக்கம் ஆழம், தண்ணீர் வந்து சேரும் பக்கம் சப்பை. அதாவது லேனைத் தப்பான இடத்தில் போட்டால் கரையோர லேன்காரன் வேகமாகப் போவான், வெளி லேன்காரன் இழுபடுவான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வடசென்னையைச் சுற்றிப் பாருங்கள். எண்ணூர் கழிமுகம் பார்க்க அழகாக விரிந்து கிடக்கும், எனக்கும் அங்கே நடத்த ஆசை உண்டு. ஆனால் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மேடு தட்டிக் கிடக்கிறது. கடல் ஏற்ற இறக்கத்துக்கு நீரோட்டம் நடுவில் ஒரு வேகமும் ஓரத்தில் ஒரு வேகமுமாக மாறிக்கொண்டே இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததை எண்ணூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. பக்கிங்காம் கால்வாயைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. மாதவரம் ஏரியும் ரெட்டேரியும் பயிற்சிக்கு ஆகும், 2000 மீட்டர் நேர்கோடு கிடைக்காது.

மிச்சம் இருப்பது புழல். செங்குன்றம் ஏரி என்று நாம் சொல்வதும் அதையேதான். முழுக் கொள்ளளவு 3300 மில்லியன் கனஅடி, முழு ஆழம் 21.20 அடி, அதாவது ஆறரை மீட்டர் போல. நிரம்பி இருக்கும்போது ஆழத்துக்குக் குறைவில்லை. ஆனால் இது குடிநீர் ஏரி, வெயில் ஏற ஏற மட்டம் இறங்கிக்கொண்டே போகும், 2019 கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்ததை நாம் பார்த்தோம். அதனால் தேதியை முதலில் ஏரியிடம் கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும் ஜனவரிக் கடைசி, பிப்ரவரி நல்ல காலம். போகியை ஒட்டி வைத்துவிடாதீர்கள், அந்தப் புகையும் பனியும் சேர்ந்தால் விடிகாலையில் ஃபினிஷ் கம்பம் கூடத் தெரியாது.

குடிநீர் ஏரி என்பதால் நீர்வளத் துறையும் குடிநீர் வாரியமும் தயங்கும். தயங்கத்தான் வேண்டும், நான் அவர்கள் பக்கம்தான். ஊர் குடிக்கும் தண்ணீரில் பெட்ரோலும் ஆயிலும் சிந்தும்படி ஒரு விளையாட்டு நடத்தக் கூடாது. ரோயிங் படகு துடுப்பில் போகிறது, அதில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. சிக்கல் பின்னால் வரும் மோட்டார் படகுகளில், லாஞ்ச் என்போம். ஒவ்வொரு ரேஸுக்குப் பின்னாலும் அம்பயர் லாஞ்ச் ஒன்று போகும். ஒன்று போய்த் திரும்புவதற்குள் அடுத்த ரேஸ் கிளம்ப வேண்டும் என்பதால் குறைந்தது நாலு லாஞ்ச், அப்புறம் 500 மீட்டருக்கு ஒன்று என்று மீட்புப் படகு நாலு. இந்த எட்டையும் பேட்டரி மோட்டாரில் ஓட்டுவோம், கழிப்பறை, சமையல், பார்க்கிங் எல்லாம் கரைக்கு வெளிப்புறம் வைப்போம் என்று வரைபடத்தோடு எழுதிக் கொண்டுபோனால் அந்தப் பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்கும். சும்மா "விளையாட்டு சார், அனுமதி கொடுங்க" என்று போய் நிற்காதீர்கள்.

அடுத்தது காற்று. என்னைக் கேட்டால் ரெகாட்டாவின் முதலாளி அதுதான். காசிமேட்டில் எந்த மீனவரைக் கேட்டாலும் வாடை, கொண்டல், கச்சான் என்று பெயர் சொல்லி எப்போது கிளம்பும், எப்போது அடங்கும் என்று சொல்வார்கள். சென்னையில் வெயில் ஏறினால் கடல்காற்று உள்ளே வரும். புழல் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே இருப்பதால் சற்றுத் தாமதமாக வரும், ஆனால் வரும். எதிர்க்காற்றும் பின்காற்றும் எல்லா லேனுக்கும் பொது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கக்காற்றுதான் மோசம், கரையின் மறைவில் இருக்கும் லேனுக்கு மட்டும் தப்பும். அதனால் காலை ஆறரைக்கு முதல் ரேஸ், பத்து மணிக்குள் கடைசி ரேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 210 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு ரேஸ் என்றால் ஒரு காலைக்கு 21 ரேஸ். ஹீட்ஸ் என்கிற முதல் சுற்று, அதில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பான ரெபசாஜ், செமி, ஃபைனல் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் போட்டுப் பார்த்தால் எத்தனை நாள் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். நாளைக் குறைக்கிறேன் என்று மத்தியானத்தில் ரேஸ் வைக்காதீர்கள்.

ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன், இடமும் ஆளும் வேண்டாம். ஃபைனல் நாள், ஏழு மணிக்குத் தொடக்கம். சிறப்பு விருந்தினர் வந்து கொடி அசைத்த பிறகுதான் ரேஸ் என்று மேடையில் முடிவெடுத்துவிட்டார்கள். அவர் வந்தபோது மணி எட்டரை. அதற்குள் படகில் ஏறி ஸ்டார்ட்டுக்குப் போன பிள்ளைகள் வெயிலில் மிதந்துகொண்டே காத்திருந்தார்கள். கடைசி மூன்று ரேஸுக்கு வெள்ளைநுரை அலை வந்துவிட்டது. தனியாள் படகு இரண்டு கவிழ்ந்தன. அதில் ஒரு பெண், முந்தின நாள் ஹீட்ஸில் எல்லோரையும் விட வேகமாக வந்தவள், தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது. உங்கள் ரெகாட்டாவில் இது நடக்கக் கூடாது. கொடி அசைப்பது, பேச்சு, பொன்னாடை எல்லாம் கடைசி ரேஸ் முடிந்த பிறகு என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள்.

சரி, லேன். இதற்கு ஆல்பனோ முறை என்று பெயர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ரோயிங் நடந்த ஆல்பனோ ஏரியின் பெயர். தண்ணீருக்கு அடியில் நீளவாக்கில் கம்பி இழுத்து, பத்து மீட்டருக்கு ஒரு சின்ன மிதவை. ஆறு லேனுக்கு ஏழு வரிசை, வரிசைக்கு 200 மிதவை, மொத்தம் 1400. மிதவை மெத்தென்று இருக்க வேண்டும், துடுப்பு பட்டால் துடுப்புக்கு எதுவும் ஆகக் கூடாது. முதல் 100 மீட்டரும் கடைசி 250 மீட்டரும் வேறு நிறத்தில் இருக்கும். ரோயிங்கில் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறோம் இல்லையா, நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் முடிவு நெருங்குவது தெரியும்.

இந்த வேலைக்கு ஈவன்ட் மேனேஜ்மென்ட் ஆட்களைக் கூப்பிடாதீர்கள், காசிமேட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். சென்னைக்கு வெளியே ஒரு ஏரியில் 500 மீட்டர் போட்டிக்கு லேன் கட்டினோம். நாங்கள் மணல் மூட்டையை நங்கூரமாகப் போட்டு, கரையிலிருந்து பார்த்து எல்லாம் நேராக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிட்டோம். கூட வந்த காசிமேட்டு அண்ணன் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், ஃபைபர் படகில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் படகின் விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மிதவை வரிசையைத் தண்ணீர் மட்டத்திலிருந்தே பார்த்தார். "தம்பி, மூணாவது கோடு வயித்த தள்ளிக்கினு கீது" என்றார். நாங்களும் படுத்துப் பார்த்தோம், ஆமாம், நடுவில் முக்கால் மீட்டர் போலப் பக்கத்து லேனுக்குள் வந்திருந்தது. ஏரியின் அடி களிமண், மூட்டை வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. அவர் மூட்டையை அவிழ்த்துவிட்டு, படகுக்குப் போடும் நாலு கொக்கி இரும்பு நங்கூரத்தைக் கட்டி இறக்கி, கயிற்றில் கையை வைத்து அது மண்ணில் கடிக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தார். கடித்ததும் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கோடு இரண்டு நாளும் அசையவில்லை. மட்டம் ஒரு விரல் இறங்கினாலும் கம்பி தளரும் என்று தினமும் சாயங்காலம் அவரே போய் இறுக்கிவிட்டு வந்தார். அவர் மாதிரி நாலு பேருக்குச் சம்பளமும் மரியாதையும் கொடுத்து முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள், நன்கொடை லிஸ்டில் போடும் பெரிய பெயர்களை விட அவர்கள்தான் முக்கியம்.

ஏரியில் வலை போட்டுப் பிழைப்பவர்களும் இருப்பார்கள். ரெகாட்டா வாரத்தில் வலை எடுக்கச் சொன்னால் அது அவர்கள் வீட்டு அடுப்பு. போட்டி, பயிற்சி நாட்களுக்கு அவர்களுடைய கூலியைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே கொடுங்கள், முடிந்தால் மீட்புப் படகில் அவர்களையே வேலைக்கு எடுங்கள். ஆகாயத்தாமரையையும் அவர்கள்தான் பார்த்துச் சொல்வார்கள். முந்தின நாள் சுத்தமாக இருந்த லேனில் ராத்திரிக் காற்றுக்கு ஒரு கொத்து வந்து நிற்கும். படகின் அடியில் இருக்கும் சின்னத் துடுப்பு மாதிரியான ஃபின்னில் அந்த வேர் சிக்கினால் அந்த ரேஸ் போச்சு. தினமும் ஐந்து மணிக்கு லேன் முழுக்க ஒரு படகு போய் வர வேண்டும்.

ஸ்டார்ட்டில் ஆறு லேனுக்கும் ஆறு மிதவைத் தளம், ஒவ்வொன்றிலும் ஒரு பையன் குப்புறப் படுத்துப் படகின் பின்முனையைக் கையில் பிடித்திருப்பான். பக்கத்துக் கோபுரத்தில் படகுகளை ஒரே கோட்டில் நிறுத்தும் அலைனர் உட்கார்ந்து "மூணாம் லேன் அரை அடி முன்னால், அஞ்சாம் லேன் பின்னால்" என்று சொல்லச் சொல்ல அவன் நகர்த்த வேண்டும். தனியாள் படகு எட்டு மீட்டர் சொச்சம், எட்டுப் பேர் படகு அதற்கு இரண்டு மடங்குக்கு மேல், முன்முனைகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு பிரிவுக்கும் தளம் முன்னும் பின்னும் நகர வேண்டும். அந்தப் பையன்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வையுங்கள், சிவப்பு விளக்கு மாறிப் பச்சை வரும் நொடியில் கையை விட வேண்டும், ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு தேசிய மெடல் போய்விடும். மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், கீழே பாய் போடுங்கள், மேலே நிழல் கட்டுங்கள்.

படகு விஷயம். காஷ்மீரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வரும் அணி எல்லாப் படகையும் தூக்கிக்கொண்டு வர முடியாது, பொதுப் படகு வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். எட்டுப் பேர் படகு 96 கிலோ, இரண்டு துண்டாகக் கழன்றால் 40 அடி டிரெய்லரில் ஏறும். டிரெய்லருக்கு நமக்குப் பஞ்சமே இல்லை, மணலியில் கேட்டால் கன்டெய்னர் ஓட்டும் அண்ணன்கள் வருவார்கள். ஆனால் இரும்புச் சரக்கு மாதிரி கயிற்றை இறுக்கிவிடுவார்கள், படகின் தோல் உடையும். தனியாள் படகு 14 கிலோதான், முட்டை ஓடு மாதிரி. ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பொதுப் படகு என்றால் ஒவ்வொரு அணிக்கும் துடுப்பைத் தாங்கும் ரிக்கரின் உயரமும் கால் பலகையும் மாற்ற வேண்டும், 10-11, 12-13 ஸ்பேனர் நாலு செட்டும் போல்ட் நட்டும் கரையிலேயே இருக்கட்டும். படகின் மூக்கில் வெள்ளைப் பந்து, ஷூவின் குதிகால் கயிறு, இந்த இரண்டும் இல்லாத படகு தண்ணீரில் இறங்கவே கூடாது. கவிழ்ந்தால் கால் கழன்று வர வேண்டும், மோதினால் மூக்கு குத்தக் கூடாது. விபத்து பெரும்பாலும் ரேஸில் நடக்காது, பயிற்சி நேரத்தில் எதிரும் புதிருமாகப் போகும்போதுதான் நடக்கும், அதனால் ஒருவழிப் பாதை வரைபடத்தைப் படகு இறக்கும் இடத்தில் பெரிதாக எழுதி மாட்டுங்கள்.

அதிகாரிகள் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டியை உங்களுக்குக் கொடுப்பது 1976-இல் தொடங்கிய இந்திய ரோயிங் கூட்டமைப்பு, அதுவும் மாநிலச் சங்கம் வழியாகத்தான், அம்பயர்களும் அங்கிருந்துதான் வருவார்கள். எடைக்கு வரம்பு உள்ள லைட்வெயிட் பிரிவு இருந்தால் ரேஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடையில் எடை போட வேண்டும். ஆறரை ரேஸுக்கு நாலரை மணிக்கே எடை மேசை திறக்கணும் என்று அர்த்தம். சாப்பாடும் அப்படித்தான், விடிகாலையில் இட்லி தயாராக இருக்க வேண்டும், நல்ல கேன் தண்ணி வேண்டும், வடக்கத்திப் பிள்ளைகளுக்குச் சப்பாத்தி வேண்டும்.

இவ்வளவு பாடு ஏன் என்று யாராவது கேட்பார்கள். ரோயிங்கில் இந்தியாவுக்கு முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் 2010-இல் குவாங்சோவில் பஜ்ரங்லால் தாக்கர் வாங்கினார், ராஜஸ்தான்காரர். 2018 ஆசிய விளையாட்டில், பலெம்பாங்கில், நாலு பேர் படகில் தங்கம் வாங்கிய தத்து போகனல் மகாராஷ்டிராவில் தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்து, கிணறு வெட்டும் வேலை செய்தவர். இருவரும் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார்கள். நம் காசிமேடு, திருவொற்றியூர் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிறந்ததிலிருந்தே பழக்கம், தோளும் இருக்கிறது, ஒரு ரேஸ் படகைத்தான் அவர்கள் கிட்டத்தில் பார்த்ததில்லை. கரையில் நின்று ஒரு நேஷனல் ஃபைனலைப் பார்த்துவிட்டால் அதில் நாலு பேர் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லைட்வெயிட் கிடையாது, அதற்குப் பதில் பீச் ஸ்பிரின்ட் வருகிறது. மணலில் ஓடி, படகில் ஏறி, கடலில் 250 மீட்டர் மிதவைகளை வளைந்து போய், திரும்பி 250 மீட்டர் நேராக வந்து, இறங்கி மறுபடி ஓட வேண்டும். இதற்கு ஏரி வேண்டாம், லேன் வேண்டாம், அலையைப் படிக்கத் தெரிந்தால் போதும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பாதிக் கரை பாறாங்கல் கொட்டிக் கிடந்தாலும் காசிமேட்டு என்4 பீச் பக்கமும் தடுப்புச் சுவர்களுக்கு நடுவிலும் மணல் இருக்கிறது. தண்ணீரின் தரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சின்ன அளவில் ஒன்று நடத்தலாம், புழலுக்கு அனுமதி கிடைக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது தம்பி, அதற்குப் பணம் தேவையில்லை. வருகிற ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை, புழல் கரையில் பொதுமக்கள் நிற்க அனுமதி உள்ள இடத்தில், ஒரு கம்பில் ரிப்பன் கட்டிக்கொண்டு காலை ஐந்தரையிலிருந்து பத்தரை வரை நில்லுங்கள். கால் மணிக்கு ஒருமுறை ரிப்பன் எந்தத் திசையில் பறக்கிறது, தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறதா, சிலிர்த்திருக்கிறதா, நுரை தெரிகிறதா என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள், கூடவே அன்றைய ஏரி மட்டத்தையும் பேப்பர் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ராயபுரம் வாருங்கள். லேனை எந்தத் திசையில் போடுவது என்று உட்கார்ந்து வரைவோம், அந்த அண்ணனையும் கூப்பிடுகிறேன்.